ஒரே உள்ளடக்கம், பல முகவரிகள்: தேடலில் பின்தங்கும் இணையத்தளத்தைச் சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையை அண்டிய தெரு ஒன்றில் பனம் பொருள்கள் விற்கும் கடையொன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு என 40 பொருள்கள் அந்தக் கடையின் இணையத்தளத்தில் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் அந்தத் தளத்தைப் பார்த்தே ஊரிலுள்ள உறவினர் மூலம் பொருள்களை எடுப்பிக்கிறார்கள். இந்த 40 பக்கங்களுக்கும் எத்தனை முகவரிகள் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். முகவரியின் தொடக்கத்தில் எச்ரிரிபி, எச்ரிரிபிஎஸ் என்று இரண்டு. முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது என்று இரண்டு. கடைசியில் சாய்கோடு உள்ளது, இல்லாதது என்று இரண்டு. ஆகவே ஒரு பக்கத்துக்கு 8 முகவரிகள், மொத்தம் 320. இவற்றோடு, விலை வரிசை, புதியவை முதலில் என்று பொருள்களை அடுக்கிக் காட்டும் தெரிவுகளும், முகநூலில் பகிரும்போது இணைப்பின் வாலில் ஒட்டிக்கொள்ளும் எவ்பிகிளிட் என்ற நீண்ட குறியும் சேர்ந்தால் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. கடைக்காரருக்கு அது ஒரே பனங்கட்டிப் பக்கம். தேடுபொறிக்கோ ஒவ்வொரு முகவரியும் முதற்பார்வையில் ஒரு தனிப் பக்கம்.

ஒரே உள்ளடக்கம், அல்லது பெரும்பாலும் ஒத்த உள்ளடக்கம், ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளில் கிடைப்பதையே நகல் உள்ளடக்கம் என்கிறோம். அது ஒரு தளத்துக்குள்ளேயே நிகழலாம். வெவ்வேறு தளங்களுக்கு இடையிலும் நிகழலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கடை, விடுதி, செய்தித்தளம், ஊர்ச் சங்கத் தளம் ஆகியவற்றை நடத்துவோர் இரண்டு வகையையும் அன்றாடம் எதிர்கொள்கிறார்கள். தமிழில் எழுதுவதால் மட்டுமே நேரும் மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. பொதுவான வழிகாட்டிகளில் அதைக் காண்பது அரிது என்பதால் இங்கே அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தண்டனை பற்றிய பயம்

நகல் இருந்தால் கூகுள் தளத்தைத் தண்டித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஏமாற்றும் நோக்கோடு செய்யப்பட்டாலன்றி, நகல் உள்ளடக்கம் இருப்பது மட்டும் தண்டனைக்குக் காரணமாகாது என்று கூகுள் 2008ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. உண்மையில் நடப்பது இதுதான்: ஒத்த பக்கங்களைத் தேடுபொறி ஒரு கூட்டமாகத் திரட்டுகிறது, அவற்றுள் ஒன்றைக் கூட்டத்தின் பிரதிநிதியாகத் தெரிவு செய்கிறது, தேடல் முடிவில் பொதுவாக அந்த ஒன்றையே காட்டுகிறது. அவ்வாறு தெரிவான முகவரியை முதன்மை முகவரி என்றும், துறைசார்ந்தோர் வழக்கில் கனோனிக்கல் என்றும் சொல்வார்கள்.

ஆகவே தளத்தின் உரிமையாளர் முடிவு செய்யாமல் விட்ட கேள்வி ஒன்றுக்கு இயந்திரம் பதில் சொல்லிக்கொள்கிறது என்பதே இந்தச் சிக்கலின் வேர். அந்தப் பதில் சில வேளைகளில் நமக்குப் பாதகமாக அமைந்துவிடும். பழைய விலையுள்ள பக்கம் தேடலில் வர, புதிய விலையுள்ள பக்கம் மறைந்து கிடக்கலாம். பிற தளங்கள் நமக்குத் தந்த இணைப்புகள் நான்கு முகவரிகளுக்கிடையே சிதறிப் போகலாம். கூகுள்பொட் என்னும் படிப்பு நிரல் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்து நேரத்தைச் செலவிட்டு, இன்று காலை வெளியான பக்கத்துக்குப் பிந்தி வரலாம். கடைசியாகச் சொன்னது சில நூறு பக்கங்கள் கொண்ட கடைத் தளத்துக்குப் பெரிய விடயமல்ல. நாள்தோறும் பல செய்திகளை ஏற்றும் தளத்துக்கு அது உயிர்நாடியான விடயம்.

முதலாம் படி: உள்ளதைக் கணக்கெடுத்தல்

எதையும் திருத்துவதற்கு முன், கூகுள் தேடலில் தளத்தின் நிலையை உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிவு செய்து, பக்கங்கள் எனும் அறிக்கையைத் திறவுங்கள். அட்டவணையில், அதாவது தேடலுக்காகக் கூகுள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலில், சேர்க்கப்படாத பக்கங்களுக்கான காரணங்களுள் நகல் பற்றியவை மூன்று. நீங்கள் முதன்மை முகவரியைக் குறிப்பிடாத நகல் என்பது முதலாவது. உடனே கவனிக்க வேண்டியது. நீங்கள் ஒன்றைக் குறிப்பிட்டும் கூகுள் வேறொன்றைத் தெரிவு செய்தது என்பது இரண்டாவது. இதுவே மிகவும் கவலைக்குரியது, ஏனெனில் உங்கள் தளம் தன்னைப் பற்றி முரண்பட்ட செய்திகளைச் சொல்கிறது என்பதற்கு அது அடையாளம். சரியான கனோனிக்கல் குறியுள்ள மாற்றுப் பக்கம் என்பது மூன்றாவது; அதைக் கண்டு பதற வேண்டாம், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதே அதன் பொருள்.

அடுத்து, உங்கள் பக்கமொன்றிலிருந்து நீண்ட வாக்கியம் ஒன்றை எடுத்து, மேற்கோள் குறிகளுக்குள் இட்டுக் கூகுளில் தேடுங்கள். அந்த வாக்கியம் வேறு எங்கெங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தளம் முழுவதையும் ஒரேயடியாகப் பார்க்க விரும்புவோருக்கு ஸ்கிறீமிங் புரொக் என்ற கணினி மென்பொருள் உதவும். 500 முகவரிகள் வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், நமது கடைகளுக்கும் சங்கங்களுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். கண்டவற்றை ஒரு விரிதாளில் மூன்று நிரல்களாக எழுதிக்கொள்ளுங்கள்: கண்ட முகவரி, அது போய்ச் சேர வேண்டிய முகவரி, எடுக்கப்போகும் நடவடிக்கை.

கணக்கெடுக்கும்போது பலர் தவறவிடும் ஒன்று, தளம் கட்டப்பட்ட காலத்தில் வடிவமைப்பாளர் பயன்படுத்திய பரீட்சார்த்த முகவரி. தளம் வெளியான பின்னரும் அது திறந்தே கிடந்து, முழுத் தளத்தின் நகலாக அட்டவணையில் ஏறியிருக்கக்கூடும். அதற்குக் கடவுச்சொல் பூட்டுப் போடுவதே சரியான தீர்வு.

இரண்டாம் படி: ஒன்றை முடிவு செய்தல்

பாதுகாப்பான இணைப்பைத் தரும் எச்ரிரிபிஎஸ் என்பதில் தயக்கம் வேண்டாம். 2014ஆம் ஆண்டு முதல் கூகுள் அதைத் தரவரிசையில் ஒரு சிறு காரணியாகவே கொள்கிறது. மூன்று டபிள்யூ வேண்டுமா, கடைசிச் சாய்கோடு வேண்டுமா என்பவற்றில் எதைத் தெரிவு செய்தாலும் நன்மையோ தீமையோ இல்லை. தெரிவு செய்ததை மாற்றாமல் இருப்பதே முக்கியம். தளத்தின் உள் இணைப்புகள், பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும் சைற்மப் கோப்பு, முகநூல் பக்கம், வணிக அட்டை, கடை வாசலிலுள்ள பலகை என எல்லா இடங்களிலும் அந்த ஒரே வடிவமே இருக்க வேண்டும். சேர்ச் கொன்சோலில் விரும்பும் முகவரியைத் தெரிவு செய்யும் வசதி இருப்பதாகப் பழைய வழிகாட்டிகள் சொல்லும்; அது 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. முகவரி வால்களைக் கையாளும் கருவியும் 2022இல் நீக்கப்பட்டது. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: நிரந்தரத் திசைமாற்றம்

வேண்டாத முகவரிக்கு வருபவரை வேண்டிய முகவரிக்கு அனுப்பிவைக்கும் கட்டளைக்கு 301 என்று எண். வீடு மாறியவர் பழைய வீட்டு வாசலில் புதிய விலாசத்தை எழுதி வைப்பதைப் போன்றது அது. மனிதரும் இயந்திரமும் ஒருசேர அதைப் பின்பற்றுவார்கள். கையிலுள்ள கருவிகளுள் இதுவே வலிமையானது. ஆதலால் பழைய முகவரியைத் தனியே வைத்திருக்கத் தேவை இல்லாத இடங்களிலெல்லாம் இதையே பயன்படுத்துங்கள். 302 என்பது தற்காலிகத் திசைமாற்றம். கடை இரண்டு கிழமைகள் பூட்டியிருக்கும் என்று அறிவிக்க அது பொருந்தும், முகவரியை நிலையாக மாற்றுவதற்குப் பொருந்தாது.

சீபனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகை வழியாக நிர்வகிக்கும் வழங்கிகளில் (தளத்தை வைத்திருக்கும் கணினிகளில்), அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருள் இயங்குமானால், தளத்தின் வேர்க் கோப்புறையிலுள்ள எச்ரிஅக்செஸ் என்ற மறைகோப்பில் இந்தக் கட்டளைகளை எழுத வேண்டும். திருத்துவதற்கு முன் அந்தக் கோப்பின் பிரதியொன்றைக் கணினியில் சேமித்து வையுங்கள். அதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் முழுத் தளமும் திறக்காமல் போகலாம். கோப்பைத் தொட அஞ்சுவோர், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரசில் ரீடைரக்சன் என்ற இலவச நீட்சியைப் பயன்படுத்தலாம்.

இங்கே இரண்டு பிழைகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எச்ரிரிபியிலிருந்து எச்ரிரிபிஎசுக்கும், அங்கிருந்து டபிள்யூ இல்லாத வடிவத்துக்கும், பின்னர் சாய்கோட்டு வடிவத்துக்கும் என்று சங்கிலியாக அனுப்புவது முதலாவது. ஒரே தாவலில் கடைசி முகவரிக்குப் போய்ச் சேரும்படி கட்டளையை எழுதுங்கள். நீக்கிய பக்கங்கள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது இரண்டாவது. புழுக்கொடியல் தேடி வந்தவர் முகப்புப் பக்கத்தில் போய் நிற்பதில் அவருக்குப் பயனில்லை. கூகுளும் அதைப் பக்கம் இல்லாத நிலையாகவே கணிக்கும். ஈடான பக்கம் இருந்தால் அங்கே அனுப்புங்கள், இல்லாவிட்டால், பக்கம் இல்லை எனப் பொருள்படும் 404 அல்லது நிரந்தரமாக நீக்கப்பட்டது எனப் பொருள்படும் 410 என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: கனோனிக்கல் குறி

இரண்டு முகவரிகளும் மனிதருக்குத் தேவை, ஆனால் தேடலில் ஒன்று மட்டும் வர வேண்டும் என்ற நிலையில் கனோனிக்கல் குறி உதவும். விலைப்படி வரிசைப்படுத்திய பட்டியலும், முகநூல் வால் ஒட்டிய முகவரியும் இதற்கு நல்ல உதாரணங்கள். கூகுள், யாகூ, மைக்ரோசொவ்ற் ஆகிய மூன்றும் 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒன்றுசேர்ந்து இந்தக் குறியை அறிவித்தன. பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதப்படும் ஒற்றை வரி அது. "இந்தப் பக்கத்தின் முதன்மை முகவரி இது" என்று அது தேடுபொறிக்குத் தெரிவிக்கிறது. வேர்ட்பிரசில் யோஸ்ற், ராங்க் மத் போன்ற நீட்சிகள் இந்த வரியைத் தாமே எழுதிவிடும்.

இந்தக் குறி ஒரு கட்டளையல்ல, பரிந்துரையே என்பதை மறக்கலாகாது. மற்றச் சான்றுகள் முரண்பட்டால் கூகுள் அதைப் புறக்கணிக்கும். எனவே, எழுதும் முகவரி எச்ரிரிபிஎஸ் தொடக்கம் முழுமையாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு குறிதான் இருக்க வேண்டும். அது சுட்டும் பக்கம் வேறெங்கும் திசைமாறாததாகவும் அட்டவணைக்குத் தடை இல்லாததாகவும் இருக்க வேண்டும். முதன்மைப் பக்கமும் தன்னைத் தானே சுட்டும் குறியைக் கொண்டிருப்பது நல்லது. பட்டியலின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களிலிருந்து முதற் பக்கத்தைச் சுட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு, ஏனெனில் அந்தப் பக்கங்களில் இருப்பவை வேறு பொருள்கள்.

பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் சபைகளும் வெளியிடும் மலர்கள் பிடிஎவ் கோப்பாகவும், அதே கட்டுரைகள் தனித்தனிப் பக்கங்களாகவும் ஒரே தளத்தில் இருப்பதுண்டு. பிடிஎவ் கோப்புக்குத் தலைப்பகுதி இல்லாவிட்டாலும், வழங்கி அனுப்பும் எச்ரிரிபி தலைவரியில் கனோனிக்கலைக் குறிப்பிட முடியும். மலர் முழுவதும் ஒரே கோப்பாக இருந்து, கட்டுரைகள் பிரிந்து கிடந்தால் இதற்கே அவசியமில்லை. இரண்டும் வாசகருக்கு வெவ்வேறு தேவைகளை நிறைவேற்றுகின்றன.

எந்தப் பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் றோபோட்ஸ் கோப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நகல்களை மறைப்பதற்கு முதலில் பலர் நாடுவது அதைத்தான். ஒரு முகவரியை அந்தக் கோப்பில் தடுத்துவிட்டால் கூகுள்பொட் அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்காது. படிக்காத பக்கத்திலுள்ள கனோனிக்கல் குறியும், அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் நோஇன்டெக்ஸ் குறியும் அதற்குத் தெரியவே மாட்டா. வெளியிலிருந்து இணைப்பு இருந்தால், படிக்காத அந்த முகவரி தேடலில் விவரணம் எதுவும் இன்றித் தோன்றவும் கூடும். றோபோட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇன்டெக்ஸ் என்று எழுதும் பழைய வழக்கத்தைக் கூகுள் 2019 செப்டெம்பர் 1 முதல் ஏற்பதில்லை. ஆகவே நகல்களைத் தடுத்து மறைக்காதீர்கள். திறந்து வைத்து, எது முதன்மை என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்தால் வரும் நகல்கள்

செய்தித்தளம் ஒன்றில் இரண்டு பணியாளர்கள் கொக்குவில் என்ற குறிச்சொல்லை உருவாக்குகிறார்கள். திரையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆயினும் தளத்தில் இரண்டு கொக்குவில் பக்கங்கள் உருவாகி, செய்திகள் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடக்கின்றன. காரணம், எழுத்துகளைக் கணினி சேமிக்கும் பொது முறையான யுனிகோட்டில் இருக்கிறது. கொ என்ற எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் அரவையும் தனித்தனியே சேர்த்தும் சேமிக்கலாம். யுனிகோட் நியமப்படி இரண்டும் சமமானவை. ஆனால் முகவரியாக மாற்றப்படும்போது இரண்டும் வெவ்வேறு குறித்தொடர்கள் ஆகிவிடுகின்றன. கோ, கௌ வரிசைகளுக்கும் இதே நிலைதான். உரையைச் சேமிக்கும்போது, இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எவ்சி என்னும் சீராக்கலைச் செய்யும்படி உங்கள் நிரலாளரைக் கேளுங்கள். பிஎச்பி, பைதன், ஜாவாஸ்கிரிப்ற் ஆகிய மூன்றிலும் அதற்கான வசதி உண்டு.

சீராக்கலாலும் தீராதவை இரண்டு உண்டு. கௌரி என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டுக் கெளரி என்று தட்டச்சிடுவோர் பலர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இயந்திரத்துக்கு அவை வேறு சொற்கள். மற்றையது ஸ்ரீ. அதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005ஆம் ஆண்டு யுனிகோட் 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தையே காட்டும். கோயில் பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் ஸ்ரீ நிறைந்த நமது தளங்களில் இது அடிக்கடி நேரும் குழப்பம். குறிச்சொற்களை ஒவ்வொருவரும் புதிதாகத் தட்டச்சிடாமல், முன்னரே உள்ள பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் ஒழுங்கை ஏற்படுத்துவதே இதற்கு நான் கண்ட நல்ல வழி. ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்தவற்றை ஒன்றாக இணைத்து, நீக்கியதன் முகவரியிலிருந்து 301 இடுங்கள்.

வேர்ட்பிரசில் தமிழ்த் தலைப்பே முகவரியாக மாறுவது இன்னொரு சிக்கலைத் தருகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுனிகோட்டின் யுரிஎவ்-8 முறையில் 3 பைற்றுகள். முகவரியில் அது 9 எழுத்திடங்களைப் பிடிக்கும். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள்; ஆகவே புள்ளி, கொம்பு, அரவு ஆகியவற்றையும் எண்ணினால் ஏறத்தாழ 22 குறிகளே அடங்கும். யாழ்ப்பாணத்தில் என்ற ஒரு சொல்லே 15 குறிகள். எனவே, "யாழ்ப்பாணத்தில் இடம்பெற்ற" என்று தொடங்கும் செய்திகள் அனைத்துக்கும் முகவரி இரண்டாம் சொல்லின் நடுவிலேயே வெட்டுண்டு, 2, 3, 4 என்று எண்களால் மட்டும் வேறுபட்டு நிற்கும். இவை நகல் பக்கங்கள் அல்ல. ஆனால் உண்மையான நகல் எது, வேறு செய்தி எது என்பதைப் பிரித்தறிய முடியாத நிலையை ஆசிரியர் குழுவுக்கு ஏற்படுத்திவிடும். வெளியிடுவதற்கு முன் முகவரியைச் சுருக்கமாகக் கையால் எழுதும் பழக்கம் வேண்டும்.

பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட பழைய பக்கங்களை வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் திரையில் தமிழ் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளுமே. தேடுபொறிக்கு அது பொருளற்ற தொடர். யுனிகோட்டுக்கு மாற்றிய பக்கத்தைப் புதிதாக ஏற்றிவிட்டுப் பழையதை அப்படியே விடாதீர்கள். பல ஆண்டுகளாகப் பிற தளங்கள் தந்த இணைப்புகள் பழைய முகவரியிலேயே தங்கியிருக்கும். அவற்றைப் புதிய பக்கத்துக்குக் கொண்டுவர 301 வேண்டும். அதேபோல, 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த .இலங்கை என்று முடியும் தமிழ்த் தளப்பெயரையும் எல்கே என்று முடியும் தளப்பெயரையும் சேர்த்து வைத்திருப்போர், இரண்டிலும் ஒரே தளத்தைத் திறக்க விடாமல், ஒன்றிலிருந்து மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும்.

ஆறாம் படி: மொழிகளும் நாடுகளும்

தமிழ்ப் பக்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்போ சிங்கள மொழிபெயர்ப்போ நகல் ஆகாது. ஆயினும், தமிழ்ப் பக்கத்தின் கனோனிக்கல் குறியில் ஆங்கிலப் பக்கத்தின் முகவரியை எழுதியிருக்கும் விடுதித் தளங்கள் இருக்கின்றன. அது, தமிழ்ப் பக்கத்தைத் தேடலில் காட்ட வேண்டாம் என்று தாமே சொல்வதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே முதன்மையாகக் குறிப்பிட வேண்டும். அவற்றுக்கிடையிலான உறவை எச்ரெவ்லாங் என்ற வேறொரு குறி சொல்ல வேண்டும். தமிழுக்கு ரிஏ, ஆங்கிலத்துக்கு ஈஎன், சிங்களத்துக்கு எஸ்ஐ என்பன அதற்கான சுருக்கங்கள்.

ஒரே தமிழ் உரை, இலங்கை ரூபாயிலும் கனேடிய டொலரிலும் பவுணிலும் விலை மட்டும் மாறி மூன்று பக்கங்களாக இருந்தால், மொழியோடு நாட்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தின் நாட்டுக் குறி ஜிபி. யூகே என்று எழுதினால் குறி செல்லாது. மேலும், அ பக்கம் ஆ பக்கத்தைச் சுட்டினால் ஆ பக்கமும் அ பக்கத்தைத் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருபக்கச் சுட்டுதல் கணக்கில் எடுக்கப்படாமற் போகலாம்.

ஏழாம் படி: எழுத்தையே மாற்ற வேண்டிய இடங்கள்

இதுவரை சொன்னவை குறிகளாலும் கட்டளைகளாலும் தீர்ப்பவை. உழைப்பைக் கேட்பது இனி வருவது.

கண்காணிப்புக் கமரா பொருத்தும் நிறுவனம் ஒன்று, கொக்குவில், கோண்டாவில், மானிப்பாய், சுன்னாகம் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இருபது பக்கங்களை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். இத்தகைய வாசற் பக்கங்களைக் கூகுள் தனது விதிகளில் வெளிப்படையாகவே தடைசெய்திருக்கிறது; பெருமளவில் பயனற்ற பக்கங்களை ஆக்குவதை, அவற்றை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், 2024 மார்ச்சில் மேலும் கடுமையாக்கப்பட்ட விதிகளும் தடுக்கின்றன. முன்பு சொன்ன, தண்டனை இல்லை என்ற விதிக்கு விலக்கான இடம் இதுதான். இருபதையும் ஒரே பக்கமாக்கி, சேவை செய்யும் ஊர்களை அங்கே பட்டியலிடுங்கள். உண்மையான வேறுபாடு இருந்தால் மட்டும் தனிப் பக்கம் வையுங்கள்: நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் பொருள் போக வேண்டும், வேலை நாளும் செலவும் மாறும், அதைச் சொல்லும் பக்கம் தனியே இருப்பதற்கு நியாயம் உண்டு.

கடைத் தளத்தில் 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என மூன்று பனங்கட்டிப் பக்கங்கள் தேவையில்லை. ஒரே பக்கத்தில் நிறையைத் தெரிவு செய்ய விடுங்கள். விநியோகத்தர் தந்த விவரணத்தை அப்படியே ஒட்டாமல், அந்தப் பொருளைக் கையால் எடுத்துப் பார்த்து, எந்தப் பருவத்தில் வந்தது, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், கூழுக்கு ஒடியல் மா எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். நல்லூரை அண்டி விடுதி நடத்துவோர், முன்பதிவுத் தளங்களுக்குக் கொடுத்த அதே பத்தியைத் தமது தளத்திலும் இடுவதால், அந்தப் பெரிய தளங்களே தேடலில் முந்திக்கொள்கின்றன. உங்கள் தளத்துக்கென்று நீளமான, வேறான விவரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். சுருக்கத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவை முன்னிட்டு ஆண்டுதோறும் புதிய பக்கம் ஒன்றை ஏற்றி, சென்ற ஆண்டின் உரையையே திகதி மாற்றி இடுவது செய்தித்தளங்களின் வழக்கமாகிவிட்டது. ஆண்டு குறிப்பிடாத ஒரே நிலையான முகவரியில் திருவிழாப் பக்கத்தை வைத்து, கொடியேற்றம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம் ஆகியவற்றின் திகதிகளை ஒவ்வோர் ஆண்டும் அங்கேயே புதுப்பித்தால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இணைப்புகளின் பலம் அந்த ஒரு பக்கத்திலேயே நிலைக்கும். அந்தந்த ஆண்டுக்கே உரிய படங்களும் செய்திகளும் தனிப் பக்கங்களாக அதன் கீழ் இருக்கலாம்.

செய்திகளைப் பொறுத்தவரை, வேறொரு தளத்தின் செய்தியில் நான்கு சொற்களை மாற்றிவிட்டால் அது புதியதாகிவிடும் என்ற எண்ணம் தவறானது. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு பக்கத்தையும் 64 பிற் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட கைரேகையாகச் சுருக்கி, இரண்டு கைரேகைகள் 3 பிற்றுகளுக்கு மேல் வேறுபடாவிட்டால் அவற்றைக் கிட்டத்தட்ட ஒன்றே எனக் கொள்ளும் முறையை 800 கோடிப் பக்கங்களுக்கு ஏற்றதாக விளக்கியிருந்தார்கள். ஒத்த உரைகளுக்கு ஒத்த கைரேகைகள் அமைவதே அந்த முறையின் இயல்பு. சில சொற்களை மாற்றுவதால் அதை ஏய்க்க முடியாது. அனுமதியோடு மறுபிரசுரம் செய்வதானால், மூலத்துக்கு இணைப்புக் கொடுத்து, உங்கள் பிரதியில் நோஇன்டெக்ஸ் குறியை இடுங்கள். உங்கள் கட்டுரையை அனுமதியின்றி வேறொருவர் எடுத்திருந்தால், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். முதலில் அந்தத் தளத்தாருக்கு எழுதுங்கள், பலன் இல்லாவிட்டால் பதிப்புரிமை முறைப்பாட்டைக் கூகுளுக்கே சமர்ப்பிக்கலாம். முதலில் வெளியிட்டதற்கான சான்றாக மூலக் கோப்பையும் திகதியையும் பாதுகாத்து வையுங்கள்.

மரண அறிவித்தல்களை இந்த வரிசையில் சேர்ப்பதற்கு மனம் கூசுகிறது. எனினும் நமது தளங்களில் மிக அதிகமாக நகலாகும் எழுத்து அதுவே. பிறந்த ஊர், வதிவிடம், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள் என்று ஒரே உரை பல தளங்களுக்கும் அனுப்பப்படுகிறது. குடும்பத்தின் விருப்பமே அதுதான், ஆகவே அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஊர்ச் சங்கத் தளம் ஒன்று செய்யக்கூடியது உண்டு. மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவு என்று அதே உரையை மூன்று பக்கங்களில் திரும்ப இடாமல், ஒருவருக்கு ஒரு பக்கம் என்று வைத்து, அதிலேயே காலவரிசையில் சேர்த்துக்கொண்டே போகலாம். அவர் படிப்பித்த பாடசாலை, நடத்திய கடை, சனசமூக நிலையத்தில் செய்த பணி என்று அயலவர் சொல்பவற்றைக் குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கே எழுதினால், வேறெந்தத் தளத்திலும் இல்லாத பக்கமாக அது அமையும். பல ஆண்டுகள் கழித்து, ஒரு பேரப்பிள்ளை பெயரைத் தேடும்போது கிடைக்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.

எட்டாம் படி: சரிபார்த்தலும் கையளித்தலும்

திருத்தங்களைச் செய்த பின், சேர்ச் கொன்சோலின் முகவரிப் பரிசோதனையில் முக்கியமான பக்கங்களை ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட முதன்மை முகவரியும் கூகுள் தெரிவு செய்த முதன்மை முகவரியும் அங்கே அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தப் பக்கத்தின் வேலை முடிந்தது. மாற்றங்கள் தெரிய நாட்களும் ஆகலாம், கிழமைகளும் ஆகலாம். இடையில் பொறுமை இழந்து குறிகளை மாற்றி மாற்றி எழுதினால் தேடுபொறிக்கு முரண்பட்ட செய்திகள் போய்ச் சேரும். சைற்மப்பில் முதன்மை முகவரிகள் மட்டும் இருக்கின்றனவா என்பதையும் இந்தச் சமயத்தில் பாருங்கள்.

திசைமாற்றங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. என் கருத்தில், இயன்றால் அவற்றை நீக்கவே வேண்டாம். நமது ஊர்த் தளங்கள் பல, வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரால் தொடங்கப்பட்டு, அவருடைய கட்டணத்தில் ஓடி, சில ஆண்டுகளில் இன்னொருவர் கைக்கு மாறுகின்றன. அவ்வாறு மாறும்போது படங்களும் தரவுத்தளமும் கவனமாகப் பெயர்க்கப்படுகின்றன. எச்ரிஅக்செஸ் கோப்பிலிருந்த 301 கட்டளைகள் மட்டும் பழைய வழங்கியிலேயே விடுபட்டுப் போகின்றன. முதலாம் படியில் தயாரித்த விரிதாளையும், அந்தக் கோப்பின் பிரதியையும், டொமைன் பதிவின் கணக்கு விவரங்களோடு சேர்த்துச் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்து வையுங்கள். அடுத்தவர் புதிய வழங்கியில் தளத்தைத் திறக்கும் அன்றே, விரிதாளிலுள்ள பழைய முகவரிகள் பத்தையாவது உலாவியில் இட்டு, அவை உரிய பக்கங்களுக்கே போய்ச் சேருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.